விடியுமுன் எழும் வீடு: சின்னப் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் காலை

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்துமஸ் இருட்டிலேயே தொடங்கிவிடும். கத்தோலிக்கக் கோயில்களில் 24-ஆம் தேதி நடு இரவுப் பூசை. எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெரும்பாலும் விடியற்காலை ஆராதனை. ஊருக்கு ஊர் நாலு மணி, நாலரை, ஐந்து என்று மாறும். முதல் மணி அடிக்கும்போது வீட்டில் குளியல், இரண்டாம் மணிக்குத் தெருவில் நடை. பனியில் புதுத்துணி மொடமொடக்க ஆட்கள் கும்பலாகக் கோயிலுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இந்த நேரம்தான் சிக்கல். மூன்றரை மணிக்கு நாலு வயதுப் பிள்ளையை எழுப்பிக் கிளப்புவது லேசான காரியம் இல்லை. அதனால் பல வீடுகளில் அம்மாவோ ஆச்சியோ பிள்ளையோடு தங்கிவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காய்ச்சலோ சளியோ இருக்கிற பிள்ளையை நானும் பனியில் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். ஆனால் சுகமாக இருக்கிற பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும் என்பது என் எண்ணம். அந்த இருட்டும் குளிரும், எல்லா விளக்கும் போட்டு நிற்கிற கோயிலும் வருடத்தில் வேறு எந்த நாளும் அதற்குக் கிடைக்காது.

எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். அவளுக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து. பாளையங்கோட்டையில் வீடு. என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஆச்சி. இவர்களை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடியதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பண்டிகையில் தனக்கென்று ஒரு வேலை இருக்கிற பிள்ளை தானாகவே விழித்துக்கொள்ளும், காத்திருக்கும், சிரிக்கும். வேலை இல்லாத பிள்ளை பெரியவர்கள் காலுக்குள் வந்து வந்து நிற்கும், அப்புறம் அழும். அதனால் நான் சொல்வதெல்லாம் இரண்டே விஷயம்: பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுப்பது, அதைச் செய்ய அது தெம்பாக இருக்க நாம் என்ன செய்வது.

முதல் வேலை, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கிற குடிலில் இருந்து தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் அட்வெந்து ஞாயிறுகள். முதல் ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் பரணில் இருந்து அட்டைப்பெட்டியை இறக்குவோம். அசிசி பிரான்சிஸ் என்கிற துறவி 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி கிறிஸ்துமஸ் கொண்டாடினார். குடில் வைக்கிற வழக்கம் அங்கிருந்து பரவியது. முன்பு கத்தோலிக்க வீடுகளில்தான் அதிகம் பார்க்கலாம். இப்போது எங்கள் ஆட்கள் வீட்டிலும் சாதாரணமாகிவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த வழக்கம். வாசிக்கத் தெரியாத பிள்ளை கையால் தொட்டுப் பார்த்து, இயேசு பிறந்த கதையைச் சொல்கிற லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் படித்துவிடுகிறதே!

எங்கள் குடிலில் மாடு, ஆடு, யோசேப்பு, மரியாள், மேய்ப்பர்கள் எல்லாரும் முதல் நாளே வந்துவிடுவார்கள். பாலனைக் கிடத்துகிற முன்னணை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டி, மட்டும் காலியாக இருக்கும். இயேசு பாலன் ஆச்சியின் பீரோவில், பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பாவில். கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குக் கிளம்புமுன்தான் வெளியே எடுப்போம். பாலனைத் தேடிக் காணிக்கையோடு வந்த சாஸ்திரிகள் மூன்று பேரும் குடில் பக்கமே வர மாட்டார்கள். அடுக்களையில் ஃபிரிட்ஜின் மேலே இருந்து புறப்பட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருவார்கள். நகர்த்துவது மகனின் வேலை. ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று கணக்கு. அலமாரி, தண்ணீர் ஃபில்டர், டைனிங் டேபிள் என்று ஊர்ந்து, கிறிஸ்துமஸ் அன்று டிவி ஸ்டாண்டு வரைக்கும்தான் வந்திருப்பார்கள். குடிலைச் சேர்வது ஜனவரி 6-ஆம் தேதி, பிரசன்னத் திருநாளில். ஓய்வுநாள் பள்ளி (ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பு) அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து மகள் எனக்கு மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைக் காட்டினாள்: சாஸ்திரிகள் வந்தது வீட்டுக்கு என்றுதான் அதில் இருக்கிறது, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று ஆகிவிட்டது. அன்று முதல் அவள் தன் பொம்மைகளில் இருந்து இன்னும் இரண்டு பேரை அந்தப் பயணத்தில் சேர்த்துவிட்டாள்.

இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது. பொம்மை இல்லையென்றால் களிமண்ணில் செய்யலாம், அட்டையில் வரைந்து வெட்டி நிறுத்தலாம். காலியான முன்னணைதான் முக்கியம். பிள்ளை தினமும் அதை எட்டிப் பார்க்கும். 25-ஆம் தேதி காலையில் எழுப்பும்போது, “எழும்பு, கோயிலுக்கு நேரமாச்சு” என்று சொல்வதற்கும், “எழும்பு, பாலனை வைக்கணும்லா” என்று சொல்வதற்கும் இருக்கிற வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் விட மாட்டார்கள்.

அடுத்தது பலகாரம். டிசம்பர் 15 தாண்டினால் எங்கள் தெருவில் எண்ணெய் வாசனை தொடங்கிவிடும். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தூத்துக்குடிப் பக்கமிருந்து யாராவது மக்ரூன் கொண்டுவந்து தருவார்கள். முந்திரிக்கொத்தை மட்டும் வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு உட்காரத் தோதான பலகாரமும் அதுதான்.

சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்த மாவு, ஈரம் போக வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வடிகட்டி இதில் ஊற்றிக் கிளற வேண்டும். சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும், ஆறினால் உதிரும். முதல் பாதியைப் பெரியவர்கள் பிடிப்போம். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் மிச்சத்தைத் தட்டில் கொட்டிப் பிள்ளைகள் முன் வைத்துவிடுவேன். மகள் எலுமிச்சை அளவில் ஒரே சீராகப் பிடிப்பாள். மகன் பிடிப்பது ஒன்று கோலிக்குண்டு, ஒன்று பம்பரம். அதை யாரும் திருத்தக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பச்சரிசி மாவில் மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்துக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் விட்டால் அந்தப் பம்பரமும் கொத்தோடு கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் காயும்போது பிள்ளைகள் அடுக்களையில் இருக்கக் கூடாது, அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆறின பிறகு டின்னில் அடுக்க வரலாம். அவன் பிடித்தது எது என்று பண்டிகை முடிகிறவரை அவன் அடையாளம் சொல்லுவான்.

துணி விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. பெண் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளை நெட் ஃபிராக் என்று ஆகிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் கடையில் தொங்குகிறதில் பாதிக்கு மேல் உள்ளே காட்டன் லைனிங் இருக்காது. கழுத்திலும் அக்குளிலும் தையல் உறுத்தும். இரண்டு மணி நேர ஆராதனையில் பிள்ளை நெளிந்தால் அதற்குப் பெயர் குறும்பு இல்லை, அந்த ஃபிராக். எடுக்கும்போது திருப்பிப் போட்டு உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கூடவே பஞ்சுபோல ஒரு பனியன் உள்ளே போட்டுவிடுங்கள். புதுத்துணியை ஒரு தடவை அலசிப் போட்டால் கஞ்சி மொடமொடப்பு போய்விடும், அழகு குறையாது. தைக்கக் கொடுப்பதாக இருந்தால் நவம்பர் பாதிக்குள் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்து டெய்லர்கள் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. ஷூவும் அப்படித்தான். ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடக்கவிட்டால் அன்றைக்குக் கால் கடிக்காது.

இனி 24-ஆம் தேதி. அன்று சாயங்காலம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் மறுநாள் காலையும் இருக்கும்.

மதியம் பிள்ளைகளைத் தூங்கவிட மாட்டேன். வெளியே ஓடியாட விடுவேன். அஞ்சரை மணிக்கு வெந்நீரில் தலைக்குக் குளிப்பாட்டி, நன்றாகத் துவட்டி, முடி காயும்வரை உட்கார்த்தி வைத்துக் கதை. ஆறரைக்கு இட்லி. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். முந்தின நாளே குளிப்பதற்கு ஆச்சிக்கு ஆரம்பத்தில் மனம் ஒப்பவே இல்லை. “பண்டிகை அன்னைக்குத் தலைக்கு ஊத்தாம கோயிலுக்குப் போறதா? என்ன வழக்கம் இது?” என்றார்கள். அவர்கள் வளர்ந்த வீட்டில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் போட்டு, மூன்று மணிக்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டுவார்களாம். அது கூட்டுக்குடும்பம், துவட்டுவதற்கும் உடுத்துவதற்கும் ஆறு பெண்கள் இருந்த வீடு. இங்கே நானும் என் வீட்டுக்காரருமாக இரண்டு பேர். ஈரத் தலையோடு பனியில் நடந்தால் பிள்ளைகள் நடுங்கிப்போவார்கள். கடைசியில் பெரியவர்கள் காலையில், பிள்ளைகள் முந்தின மாலையில் என்று முடிவானது. இப்போது ஆச்சியே 24-ஆம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

பஜனைக் குழு வருவதும் தூக்கத்துக்கு ஒரு சோதனை. வாலிபப் பையன்கள் டிரம்மும் கிதாருமாக வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்று ஆகிவிடும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளை முதல் சுற்றில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களும் யாரோ ஒரு அம்மா பெற்ற பிள்ளைகள்தானே, கேட்டால் செய்வார்கள்.

அந்தக் குழுவோடு வருகிற கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சுத் தாடி, டிரம்முக்கு ஆட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பயங்கரம். என் மகன் அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, அந்தப் பையனையே திண்ணையில் உட்காரவைத்து முகமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அடுத்த தெரு அண்ணன். அவனே மறுபடி மாட்டிக்கொண்டான், மறுபடி கழற்றினான். அதோடு பயம் போய்விட்டது. தாத்தா யார் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுவோம். நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி இருக்கிற பகுதியில், மீரா என்ற பட்டணத்தில் நிக்கொலா என்று ஒரு பேராயர் இருந்தார். சீதனம் கொடுக்க வழியில்லாத மூன்று பெண்பிள்ளைகளின் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பணமுடிப்பைப் போட்டார் என்று மரபுக் கதை. அவர் திருநாள் டிசம்பர் 6. அவர் நினைவாக அண்ணன்மார் இப்படி வேஷம் கட்டி வருகிறார்கள். பரிசு தருவது அப்பாவும் அம்மாவும். இப்படிச் சொன்னதால் எங்கள் பிள்ளைகளுக்குப் பண்டிகை ருசி ஒரு துளியும் குறையவில்லை. கொடுத்தவர் தன் பெயரைக் காட்டிக்கொள்ளவில்லை என்கிற இடம்தான் மகளுக்கு ரொம்பப் பிடித்தது.

மூன்றரைக்கு எழுப்பும் முன் எங்கள் உடுப்பு, ஆச்சியின் உடுப்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் துணி ராத்திரியே நாற்காலியில், போடுகிற வரிசையில் இருக்கும்: பனியன் மேலே, அப்புறம் ஃபிராக், அப்புறம் ஸ்வெட்டர், கீழே சாக்ஸ். பெரிய விளக்கைப் போடாமல் வாசலில் தொங்கும் ஸ்டாரை மட்டும் போட்டுவிட்டு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எழுப்புவேன். ஃபிளாஸ்க்கில் இருந்து பால், கூடவே ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ. நற்கருணை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போவது நம் வீடுகளில் பழக்கம், அது பெரியவர்களுக்கு. பசித்த பிள்ளை எந்தப் பாட்டையும் கேட்காது. பாத்ரூம் போகவைத்துவிட்டுத்தான் உடுப்பு மாட்ட வேண்டும். மாட்டினபின் அந்த நெட் துணியையெல்லாம் சுருட்டிப் பிடிப்பது பெரும்பாடு.

எல்லாரும் தயாரானதும் குடில் முன்னால் நிற்போம். மகள் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் முதல் ஏழு வசனங்களை வாசிப்பாள். “பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்” என்று முடியும்போது மகன் டப்பாவைத் திறந்து, பஞ்சை விலக்கி, பாலனை இரண்டு விரலால் எடுத்து வைப்பான். கை நடுங்கும். வைத்துவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். என் வீட்டுக்காரர் ஒரு சின்ன ஜெபம் செய்வார். மொத்தம் ஐந்து நிமிஷம்தான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. விடியற்காலைப் பரபரப்பில் இதற்கு நேரம் இல்லை என்று தோன்றும். அந்த நேரத்தை வேறு எதில் இருந்தாவது எடுத்து இதற்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

கோயிலுக்கு முடிந்தவரை நடந்தே போவோம். பைக்கில் போனால் குளிரில் சுருண்டு தூங்கிவிடுவார்கள், நடந்தால் முழித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு தொங்கும் ஸ்டாரை எண்ணிக்கொண்டு வரச் சொன்னால் நடையும் தெரியாது. தூரத்தில் முருகன்குறிச்சிப் பக்கம் ஊசிக்கோபுரம் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-ல் பிரதிஷ்டை செய்த கோயில் அது. ஆச்சியின் ஆச்சியும் இதே நேரத்தில் இதே இருட்டில் நடந்திருப்பார்கள் என்று சொன்னால் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் வருவாள்.

எங்கே உட்காருவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவர்களின் முதுகு. என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அது சிணுங்கத்தான் செய்யும். நாங்கள் முன்னாலேயே, ஆனால் பக்கக் கதவை ஒட்டி உட்காருவோம். பாடகர் குழு தெரியும், ஐயர் (எங்கள் போதகர்) தெரிவார், பீடத்து மெழுகுவர்த்தி தெரியும். அழுகை வந்தால் யாரையும் தாண்டாமல் வெளியே போய்விடலாம். வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்படியே யாராவது திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. அன்றைக்குப் பிறந்தவரே ஒரு கைக்குழந்தைதான். அழுகிற பிள்ளைக்கு அந்த ஆராதனையில் இடம் இல்லையென்றால் வேறு எந்த ஆராதனையில் இருக்கும்?

உள்ளேயும் வேலை உண்டு. மகளுக்குத் தனிப் பாட்டுப் புத்தகம். பாட்டு எண் சொன்னதும் தேடி எடுத்து ஆச்சிக்குக் காட்ட வேண்டும், ஆச்சிக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. மகனுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும், பிரசங்க நேரத்துக்கு மட்டும். ஐயர் சொல்வதில் காதில் விழுவதை வரைய வேண்டும். பெரும்பாலும் ஆடுகள் வரும். ஒரு தடவை பேரரசர் அகுஸ்து ராயனுக்கு மீசை வைத்து வரைந்திருந்தான், பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது. போனைக் கையில் கொடுப்பதில்லை. இது பிடிவாதம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

காணிக்கை பிள்ளைகளின் சொந்தக் காசு. உண்டியலில் இருந்து அவர்களே முந்தின நாள் எடுத்துவைப்பது. காணிக்கைப் பை வரும்போதுதான் கையில் கொடுக்க வேண்டும். முன்னமே கொடுத்தால் கீழே விழும், பெஞ்சுக்கு அடியில் உருளும், பின்னாலேயே பிள்ளையும் போகும். நற்கருணைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு முன்னே போவோம். எங்கள் சபையில் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பெறாத பிள்ளைகளுக்கு அப்பமும் ரசமும் கிடையாது. முழங்கால்படியிட்டிருக்கும் பிள்ளைகளின் தலையில் ஐயர் கை வைத்து ஆசீர்வதிப்பார். மகன் அதற்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை நீட்டிவிடுவான்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நன்றாக விடிந்திருக்கும். கோயில் வாசலில் வாழ்த்துச் சொல்லி, கைகுலுக்கி, போட்டோ எடுத்து, வீடு வந்து சேர்ந்தால் பசி பிடுங்கும். எங்கள் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். குழம்பு ராத்திரியே தயார், மாவும் பொங்கியிருக்கும், வார்த்தால் போதும். பரிசைப் பிரிப்பது சாப்பிட்டபின். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெறும் வயிற்றில் பரிசைக் கொடுத்தால் பொம்மையும் ஓடாது, சாப்பாடும் இறங்காது, எட்டு மணிக்கெல்லாம் அழுகை தொடங்கிவிடும். ஆளுக்கு ஒரே பரிசு. அக்காவுக்கு உரியதைத் தம்பி தேர்ந்தெடுத்துப் பொதிவான், தம்பிக்கு உரியதை அக்கா. தான் பொதிந்ததை மற்றவர் பிரிக்கும்போது பார்க்கிறார்களே, தன்னுடையதைப் பிரிக்கும்போதுகூட அவ்வளவு ஆர்வம் இல்லை.

பட்டாசு வெடிக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நெட், சாட்டின் எல்லாம் பெரும்பாலும் செயற்கை இழை. ஒரு பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபிராக்கைக் கழற்றி, பருத்திச் சட்டை போட்டுவிட்டுத்தான் மத்தாப்பைக் கையில் கொடுக்க வேண்டும். கோயிலில் மெழுகுவர்த்தி ஆராதனை இருந்தாலும் அப்படியே. சின்னப் பிள்ளையின் வர்த்தியைப் பெரியவர் பிடித்துக்கொள்வது நல்லது.

பத்து மணிபோலப் பலகாரத் தட்டு கிளம்பும். எதிர்வீட்டு ஆச்சி தீபாவளிக்கு அதிரசம் கொடுத்துவிடுவார்கள், இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாய் வீட்டில் இருந்து ரம்ஜானுக்கு பிரியாணி வரும். எங்கள் முறை கிறிஸ்துமஸ். தட்டைக் கொண்டுபோவது பிள்ளைகள்தான், நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்வேன். வலது கையால் கொடுக்க வேண்டும், “ஹேப்பி கிறிஸ்துமஸ்” சொல்ல வேண்டும், உட்காரச் சொன்னால் இரண்டு நிமிஷமாவது உட்கார வேண்டும். தட்டு வெறுமனே திரும்பி வராது, ஒரு கை சீனியோ இரண்டு பழமோ இருக்கும். மகன் தான் பிடித்த பம்பர உருண்டை எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைக் கண்காணித்துக்கொண்டே இருப்பான். எதிர்வீட்டு ஆச்சி அதைத் தனியாக எடுத்து, “இது ஒன் கைவேலதானல?” என்று கேட்டு அவன் முன்னாலேயே சாப்பிட்டார்கள். அந்தச் சந்தோஷம் அவனுக்குப் பொங்கல் வரைக்கும் இருந்தது.

2023 கிறிஸ்துமஸைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணீருக்கு நடுவில் நின்றுபோய், அதில் இருந்தவர்களை மீட்க நாள்கணக்கானது. ஏரல் பக்கம் இருக்கிற என் பெரியம்மா மகள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். பண்டிகைக்கு எடுத்து வைத்திருந்த துணி, அரிசி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் சேறு. தண்ணீர் வடிந்ததும் அக்கா மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அக்காவின் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. இரவல் துணியில் கோயிலுக்கு வர மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அது அந்த வயதின் மானம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா அதட்டப்போனாள், நான் தடுத்துவிட்டேன். ராத்திரி ஆச்சிதான் ஒரு வழி சொன்னார்கள்: இந்த வருஷம் இந்த வீட்டில் யாருக்கும் புதுத்துணி வேண்டாம், எல்லாரும் வெளுத்த துணியே உடுத்துவோம். மகளின் நெட் ஃபிராக் டப்பாவோடு பீரோவுக்குப் போனது. சின்னவள்தான், முகம் வாடியது. ஆனால் காரணத்தைச் சொன்னதும் கேட்டுக்கொண்டாள். விடியற்காலையில் ஐந்து பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி சாதாரண உடுப்பில் வரிசையாக நடந்தார்கள். கோயிலில் பார்த்தால் அந்த வருஷம் எங்களைப்போல நிறையக் குடும்பங்கள்.

அன்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. சபையார் சேர்ந்து பாய், போர்வை, பாத்திரம், அரிசி என்று மூட்டை கட்டினார்கள். பிள்ளைகள் தீப்பெட்டியும் சோப்பும் எண்ணி எண்ணிப் பையில் போட்டார்கள். அக்காவின் மூத்தவள்தான் மேஸ்திரி. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் அடுப்பே போய்விட்டது என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்! முந்தின ராத்திரி கோயிலுக்கே வர மாட்டேன் என்று நின்ற பிள்ளை, மதியம் வரைக்கும் தலை நிமிரவில்லை, சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. இன்றைக்கும் அவள் போன் செய்தால் அந்தக் கிறிஸ்துமஸைத்தான் பேசுவாள்.

மதியத்துக்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. பிரியாணி சாப்பிட்டதும் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடுங்கள். விருந்தாளி வந்தால் வரட்டும், அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான். மூன்றரைக்கு எழுந்த பிள்ளையைச் சாயங்காலம் நாலு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால், காலை முழுவதும் சேர்த்த சந்தோஷம் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். சொந்தக்காரர் வீடுகளுக்கு 26-ஆம் தேதிக்கு மேல் போகலாம். சாஸ்திரிகளே ஜனவரி 6-ஆம் தேதிதானே வருகிறார்கள், நமக்கு என்ன அவசரம்?

இந்த வருஷம் எங்கள் வீட்டில் முறை மாறுகிறது. “பாலனை நான் வைக்கணும்” என்று மகள் கேட்டுவிட்டாள். அவளும் பிள்ளைதானே, நியாயம். அப்படியானால் வசனம் வாசிப்பது தம்பி. அவன் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறான். ‘முன்னணையிலே’ என்ற இடத்தில் நாக்கு மடங்குகிறது, ‘சத்திரத்திலே’ வந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குப்பின் ஆச்சி மடியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு வரி என்று படித்துக்கொண்டிருக்கிறான். ஏழாம் வசனம் மட்டும்தான் அவனுக்கு. மற்ற ஆறையும் ஆச்சி பார்க்காமல் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.